யார் உயரத்துக்கு இந்த பேஸ்?

கொட்டகைக்குப் புதுப் பூட்டு வந்த கதையைப் போன வாரம் படித்தவர்களுக்குப் பெரியவளின் மனசு எப்படிக் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

கார் வாங்கப் போகிறோம் என்ற தைரியத்தில் வீட்டுக்குப் பின்னால் கட்டிய கொட்டகை அது. கார் இன்றுவரை வரவில்லை. பெரியவளின் கணவர் அதைத் தன் பட்டறை ஆக்கிக்கொண்டார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'. ஆடுகிற நாற்காலிக்குக் கால் மாற்றுவார், அலமாரிக்கு இழுப்பறை போடுவார். கதவு எப்போதும் திறந்தே கிடக்கும்.

மழைக்காலம் முடிந்த கையோடு அந்தக் கதவுக்குப் பூட்டு வந்தது. உள்ளே என்ன என்று பெரியவள் கேட்டதற்கு, "துணி காயப்போடற ஸ்டாண்டு" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

துணி காயப்போடும் ஸ்டாண்டுக்காக ஒரு மனிதர் மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்பாரா? அதுவும் போகட்டும். பெண்டாட்டிக்குத் திறக்காத கதவு மருமகளுக்கு மட்டும் திறந்தது. மகன் கப்பல் வேலையில் கடலில் இருக்க, மருமகள் இவர்களோடுதான் இருந்தாள். காது கேட்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. "மாமா, வரட்டுமா?" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். வெளியே வரும்போது வாயைத் தைத்துக்கொண்டு வருவாள்.

"வேற ஒருத்தி இருக்காக்கா. எழுதி வச்சுக்கோ" என்று சொன்னவள் சின்னவள், பெரியவளின் தங்கை. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். நாளுக்கு நாலு தரம் அக்காவுக்கு போன் போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

காலையில் லிஃப்ட்காரருக்கு அவசர அழைப்பு. ஏதோ அலுவலகத்தில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டதாம். கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடினார். முழங்கால் கிழிந்த அவருடைய வேலைப் பேன்ட் பெரியவளின் தையல் மேஜை மேல் கிடந்தது. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. ஊராருடைய கோட்டையும் பாவாடையையும் பிரித்துத் தைத்து உடம்புக்குப் பொருத்திக் கொடுப்பதில் அவளுக்குப் பெயர் உண்டு. ஒட்டுப் போடுவதற்காகப் பேன்ட்டை உதறினாள். டணங்கென்று ஒரு சாவி விழுந்தது.

சாவியை உற்றுப் பார்த்தாள். பேன்ட்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அடுத்தவங்க பாக்கெட்ல கை விடற புத்தி எனக்குக் கெடையாது" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். "ஆனா இது பாக்கெட்ல எங்க இருக்கு? தரையிலல்ல கெடக்கு."

கொட்டகைக்குள் பசையும் வார்னிஷும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. மரச்சுருள்கள் காலடியில் நொறுங்கின. நடுவில் இரண்டு முக்காலிகளின் மேல், அவளுடைய பழைய ரஜாய்ப் போர்வைக்குள் ஏதோ நீட்டிப் படுத்திருந்தது. ஒரு ஆள் நீளம். பல்லைக் கடித்துக்கொண்டு ரஜாயை விலக்கினாள்.

முதலில் படகுத் துடுப்பு என்றுதான் நினைத்தாள். நீண்ட கழுத்து, அதன் மேல் ஒட்டிய கருங்காலிப் பலகை, கரிய கண்ணாடி போல. கீழே ஒல்லியான உடம்பு, அடியில் ஊன்றி நிற்க ஓர் இரும்புக் கால். மேலிருந்து கீழ்வரை நாலு தடித்த கம்பிகள்.

பேஸ்.

அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்லி வருஷங்கள் ஆயிற்று. ஆளுயரம் நின்று, உடம்போடு சாய்த்துக்கொண்டு, விரலால் கம்பியைச் சுண்டி வாசிக்கும் வாத்தியம். லிஃப்ட்காரரின் தங்கை, அதாவது பெரியவளின் நாத்தனார், ஊர் ஊராகப் போய் வாசித்தது அதைத்தான். ஆனால் நாத்தனாருடைய பேஸுக்குப் பெரிய தொப்பை. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இதற்கு வயிறே இல்லை. கரண்டில் பாடுகிற ஜாதி. கம்பிகளைத் தாங்கும் மரக் குதிரைக்கு அடியில், முடியை விட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, சத்தம் பிடிக்கும் ஒரு சுருள் பதித்திருந்தது. அந்த வேலை செய்யக்கூடிய விரல்கள் இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு.

'நீயுமாடி?' என்று கேட்டாள் பெரியவள், அந்தச் சுருளைப் பார்த்து.

கேட்க மாட்டாளா பின்னே? அவள் நாத்தனாரோடு பேச்சை விட்டதே இந்த மருமகளுக்காகத்தான். மகனின் கல்யாணத்துக்கு எல்லோரும் வந்தார்கள். சொந்த அத்தை மட்டும் வரவில்லை. ஒரு போன் இல்லை, ஒரு வாழ்த்து இல்லை. "மேடையில கோட்டு மாட்டிக்கிட்டு வாசிக்கறவங்களுக்கு, காது மெஷின் ரிப்பேர் பண்ற பொண்ணு மருமகளா வர்றது கௌரவக் குறைச்சலாம்க்கா" என்று கல்யாண வீட்டிலேயே சின்னவள் காதோடு சொன்னாள். அன்றைக்கே லிஃப்ட்காரரும், "இனிமே எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டார். நாத்தனாரும் அதன் பிறகு வீட்டையும் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு காணாமல் போனாள்.

இல்லாத தங்கைக்கு யார் இவ்வளவு பாடுபட்டு வாத்தியம் செய்வார்கள்?

கொட்டகைத் தூணில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒன்று கழுத்துயரத்தில், ஒன்று கொஞ்சம் கீழே, இன்னொன்று இடுப்பளவில். மற்றவர்களுக்கு அது வெறும் கோடு. பெரியவளுக்கு அந்தத் தூணில் ஒரு பெண் நிற்பதே தெரிந்தது. இது தோள், இது முழங்கை, இது இடுப்பெலும்பு. நீண்ட கை, உயரத்துக்கு ஒடுங்கிய தோள். இந்த உடம்புக்கு எத்தனை மேடைக் கோட்டு தைத்துக் கொடுத்திருக்கிறாள்! திரும்பிப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஆணியில் அவள் தைத்த கறுப்புக் கோட்டு ஒன்று தொங்கியது. எப்போதோ நாத்தனார் விட்டுப் போனது. அதை விரித்து வைத்துத்தான் மனிதர் அளவு எடுத்திருக்கிறார்.

ஆக, சந்தேகமே இல்லை. நாத்தனாருக்குத்தான்.

அப்படித்தான் முடிவு கட்டினாள், சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்க்கும்வரை. அச்சடித்த படம். யாரோ ஒருவர் இதே மாதிரி பேஸோடு நின்றார். உடம்பில் சாய்த்துக்கொள்ள வசதியாக அதற்கு ஒரு வளைந்த மரக் கை இருந்தது. படத்தில் அது ஒரு பக்கம். இங்கே முக்காலியில் கிடப்பதில் மறு பக்கம். இருப்பதிலேயே தடித்த கம்பியும் அப்படியே. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடம் மாறியிருந்தது.

இது இடது கைக்காரிக்குச் செய்தது.

நாத்தனார் வலது கைக்காரி. அவள் சுண்டி வாசிப்பதற்குத் தோதாக வலது கைப்பட்டையைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தவள் பெரியவளே.

அளவு நாத்தனாருடையது. கை வேறு யாருடையதோ.

ரஜாயைப் போர்த்திவிட்டு வெளியே வந்து பூட்டி, சாவியைப் பழையபடி பேன்ட் பாக்கெட்டிலேயே போட்டாள். சரியாக அந்த நேரத்தில் சின்னவளின் போன்.

"என்னக்கா, மூச்சு வாங்குது?"

"கொட்டகைக்குள்ள போய்ப் பாத்துட்டேன்."

"அய்யோ! யாருக்கா அவ?"

"அவளும் இல்ல இவளும் இல்ல. பேஸ் செஞ்சுக்கிட்டிருக்காருடி. நாத்தனாரோட அளவுக்கு."

எதற்கும் உடனே பதில் வைத்திருக்கும் சின்னவளிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை.

"ஹலோ? இருக்கியா?"

"இருக்கேன்க்கா. அது... அந்த அம்மா இங்கதான் இருக்காங்களா?"

"யாருக்குத் தெரியும்? இன்னைக்குள்ள கண்டுபிடிக்கறேன்."

"வேணாம்க்கா." குரல் சட்டென்று கெட்டிப்பட்டது. "அவங்க அண்ணன் தங்கச்சி விவகாரம். நீ ஏன் நடுவுல போய் அசிங்கப்படணும்? விட்டுடு. நான் சொல்றதைக் கேளு."

நேற்றுவரை 'விடாதே, பின்னாலேயே போ' என்று முடுக்கிவிட்டவள் இவள்தானா? பெரியவளுக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது அவளுக்கு இருந்த கோபத்தில் அதை நின்று யோசிக்கவில்லை. கடைக்கதவைச் சாத்தினாள். மருமகள் வேலை பார்க்கும் இடத்துக்கு நடந்தாள்.

மருமகள் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தாத்தா மெஷினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காத நிம்மதியில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை? என்ன இந்த நேரத்துல?"

"யாருக்குடி அந்த பேஸ்?"

மருமகளின் கையிலிருந்த குட்டித் திருப்புளி நழுவி மேஜையில் உருண்டது.

"உள்ள போனீங்களா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. உனக்காக அவகிட்ட மொகம் குடுக்காம இருந்தவ நான். உன்னைக் கேவலமா நெனச்சு கல்யாணத்துக்கு வராதவளுக்கு நீயே உக்காந்து கம்பி சுத்தறியா?"

"அத்தை, மெதுவா..."

"எதுக்கு மெதுவா? இவருக்குத்தான் காது கேக்காதே."

மருமகள் திருப்புளியைப் பொறுக்கி, மெஷினை மூடி, தாத்தாவின் காதில் பொருத்தினாள். அவசரமில்லாமல் செய்தாள், யோசிக்க நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று பெரியவளுக்குப் புரிந்தது.

"நான் மாமாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் அத்தை. சொல்ல முடியாது."

"அப்ப அவருக்கு நீ மருமக. எனக்கு யாரு?"

மருமகளின் கண் கலங்கிவிட்டது. "இந்த வீட்ல யார் யாரைச் சந்தேகப்படறாங்கன்னே எனக்குப் புரியல. நீங்க அவரைப் பாக்கறதும், அவர் உங்களைப் பாக்கறதும்... நடுவுல நான் டீ ஊத்திக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

"அவர் என்னைச் சந்தேகப்படறாரா? எதுக்கு?"

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, ஒரு முடிவுக்கு வந்தவள் போலக் குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம் அதை வேன்ல ஏத்திக்கிட்டுப் போறாரு. ரயில் பாலம் தாண்டி, பச்சைப் பெயின்ட் அடிச்ச மாடிக் குடியிருப்பு இருக்குல்ல, அங்க. மூணாவது மாடி. நான் சொன்னதுக்காக என்னைத் திட்டட்டும், பரவாயில்ல. நீங்க அப்படிச் செஞ்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்."

"எப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்?"

"போய்ப் பாருங்க அத்தை."

அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா திரும்பினார். "ரொம்ப நல்லா கேக்குதும்மா. அந்தம்மா சத்தம் போடறதும் கேக்குது, நீ மூக்கை உறிஞ்சறதும் கேக்குது" என்றார், மெஷினைத் தட்டி.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் பெரியவள் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். நாத்தனாரைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்றிரண்டு வாக்கியம் தயார் செய்தாள். அவை போதுமான அளவு சுடவில்லை என்று தோன்றவே, கலைத்துவிட்டு வேறு தயார் செய்தாள். அதற்கு அடியில் இன்னொரு நமைச்சல் இருந்துகொண்டே இருந்தது. தன்னையா? தன்னை எதற்காகச் சந்தேகப்படுகிறார்?

பச்சைக் கட்டடத்தின் வாசலில் வேன் நின்றது. பின்கதவு திறந்திருக்க, உள்ளே அவளுடைய ரஜாய் சுருட்டிக் கிடந்தது. லிஃப்டில் ஏறாமல் படியேறினாள். லிஃப்ட் என்றாலே அவருடைய ஆட்சி. திறந்தால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று ஒரு பயம்.

இரண்டாவது மாடி தாண்டும்போது கைப்பிடிக் கம்பி அவள் உள்ளங்கைக்குள் உறுமியது.

காதில் விழுவதற்கு முன்னால் கையில்தான் தெரிந்தது அந்தச் சத்தம். ஆழமான, நீண்ட ஒற்றை ஒலி. நின்றது. மறுபடி வந்தது. இந்தத் தடவை தட்டுத் தடுமாறி, இரண்டு மூன்று ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாக. நடை பழகும் குழந்தை போல ஓரடி வைத்து விழுந்தது, எழுந்தது. நாத்தனாரின் வாசிப்பை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். அது ஓடுகிற வாசிப்பு. இது அவளாக இருக்க முடியாது.

மூன்றாவது மாடியில் கதவு ஒருக்களித்திருந்தது. பெரியவள் தள்ளித் திறந்தாள்.

சின்ன அறை. தரையில் குட்டி ஸ்பீக்கர் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர். லிஃப்ட்காரர் மண்டியிட்டு அதன் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். பேஸைச் சாய்த்துக்கொண்டு நின்றவள் நாத்தனார்தான். தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. வலது கை மேலே கழுத்தைப் பிடித்திருந்தது. இடது கை கீழே கம்பியில்.

அந்த இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. ஆள்காட்டி விரல் மட்டும் கம்பியைச் சுண்ட வளைந்து நின்றது. மேலே கம்பியை அமுக்க எல்லா விரலும் வேண்டும், கீழே சுண்ட ஒன்று போதும்; அதற்காகத்தான் கை மாறியிருந்தது.

பஸ்ஸில் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயினவோ.

"வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார். குரலில் வரவேற்பு இல்லை. "இப்பவாவது வழி தெரிஞ்சுதே."

லிஃப்ட்காரர் எழுந்தார். திருட்டுத்தனம் பிடிபட்டவர் முகம் எப்படி இருக்கும் என்று பெரியவள் மாதக்கணக்கில் கற்பனை செய்து வைத்திருந்தாள். இது அந்த முகம் இல்லை. வேறு ஏதோ ஒன்றை எதிர்பார்த்து, அது வந்துவிட்டதே என்று வெளுத்துப்போன முகம்.

"உன் கைக்கு என்னாச்சு?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே அண்ணி."

"சத்தியமா தெரியாது. என்ன இது?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். பேஸை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்கு முதல் நாள். வெளியூர்ல ஒரு நிகழ்ச்சி. முடிச்சுட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் கெளம்பறதா இருந்தேன். மேடையில ஏத்தும்போது பெரிய ஸ்பீக்கர் பெட்டி சரிஞ்சுது. கையைக் குடுத்து தடுத்தேன். நசுங்கிப் போச்சு. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்க நம்பருக்குத்தான் அடிக்கச் சொன்னேன். நர்ஸம்மா போனை என் காதுல வச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. அண்ணன் போன் அணைஞ்சிருந்துது. நீங்க எடுத்தீங்க."

"நானா?"

"பெட்டி விழுந்து ரெண்டு விரல் போயிடும்னு சொல்றாங்க அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் எப்படியாவது சொல்லிடுங்க, கல்யாணத்தை நிறுத்த வேணாம், முடிஞ்சதும் வந்தா போதும்னு அழுதேன். 'சரி, நான் பாத்துக்கறேன்'னு வச்சீங்க. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில கெடந்த நாளெல்லாம் வாசல்ல யார் நடந்தாலும் அண்ணன்னு நெனச்சு எட்டிப் பாப்பேன். ஒருத்தரும் வரல."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எடுக்கலம்மா. அப்படி ஒரு போன் எனக்கு வரவே இல்ல."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

லிஃப்ட்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இந்தக் கட்டடத்துல லிஃப்ட் பாதியில நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. போய்க் கதவை நெம்பித் திறந்தேன். உள்ள இவ நிக்கறா. கையில உறை மாட்டிக்கிட்டு." தொண்டையைச் செருமினார். "அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

"தெரிஞ்ச அன்னைக்கே என்னை வந்து கேக்கறதுக்கு என்னங்க? பூட்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துது."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பெரியவளுக்குத் தெரியும். டீ கொடுக்கும்போது, பேன்ட் மடிக்கும்போது, கொட்டகையிலிருந்து அவர் திரும்பும்போதெல்லாம் அவள் அவரைப் பார்த்தது இதே பார்வைதான். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு, ஒரே தட்டில் ரொட்டி எடுத்துத் தின்றுகொண்டு இருந்திருக்கிறார்கள்.

"சொல்லு" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. "நீ எடுக்கலன்னா யாரு எடுத்தது? உன் போனை வேற யாரு எடுப்பா?"

பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்படியே நின்றாள். ஞாபகம் அப்போதுதான் வந்து முகத்தில் அறைந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள். மருமகளின் உடுப்புக்குத் தோள் தொங்குகிறது என்று சொன்னார்கள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். போன் ஓயாமல் கத்தியது. "நான் பாத்துக்கறேன்க்கா, நீ தையி" என்று அதை வாங்கிக்கொண்டு போனவள் ஒருத்தி. போனில் பேசினால் இரண்டு பேரில் அக்கா யார், தங்கை யார் என்று பெற்ற அப்பாவுக்கே தெரியாது. 'உங்களில் யாரு?' என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்.

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். கூடப் பிறந்தவள். கேட்காமல், விசாரிக்காமல், எதிரே இருக்கிற இந்த இரண்டு பேரிடம் எப்படித் தூக்கிக் கொடுப்பது?

"தெரியல" என்றாள்.

அந்தத் 'தெரியல' எவ்வளவு மோசமாகக் கேட்டது என்று அவளுக்கே உறைத்தது. நாத்தனார் கசப்பாகச் சிரித்துவிட்டு எழுந்து, பேஸை மறுபடி சாய்த்துக்கொண்டாள். அண்ணி இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றை விரலால் சுண்டினாள். வலது கை மேலே எட்டும்போது தோள் காதுவரை ஏறியது. கம்பி பிசிறடித்தது.

பெரியவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பொருந்தாத உடுப்பைப் பார்த்தால் அவளுக்கு வரும் எரிச்சல் அது.

"அந்த இரும்புக் காலை உள்ள தள்ளுங்க" என்றாள் கணவரிடம்.

"அளவு சரியாத்தானே..."

"பழைய கோட்டை வச்சு அளந்திருக்கீங்க. அது நிமிந்து நின்ன உடம்பு. இப்ப அவளோட தோள் எறங்கிப் போச்சு, கண்ணு தெரியலையா? கொஞ்சம் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். போதும், இறுக்குங்க."

அவர் சொன்னபடி செய்தார். நாத்தனார் அசையாமல் நின்று கொடுத்தாள். பெரியவள் பக்கத்தில் போய், அந்த மரக் கை இடுப்பெலும்பில் உட்காருகிறதா என்று கை வைத்துப் பார்த்தாள். எலும்பு முன்னைவிடத் துருத்திக்கொண்டிருந்தது. 'சாப்பிடறியா இல்லையா?' என்று கேட்க வந்ததை அடக்கிக்கொண்டாள்.

நாத்தனார் சுண்டினாள்.

இந்தத் தடவை பிசிறில்லை. ஒலி தரை வழியாக வந்து மூன்று பேரின் கால்களிலும் ஏறியது. அடுத்தது, அதற்கடுத்தது என்று மெதுவாக, ஆனால் விழாமல் நடந்தது. லிஃப்ட்காரர் சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் முதுகு குலுங்கியது.

யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. ஆனால் நாத்தனார், "அண்ணி, தண்ணி அங்க கூஜாவுல இருக்கு" என்றாள், திரும்பாமல்.

பெரியவள் தண்ணீர் குடிக்கவில்லை. "இதோ வந்துடறேன்" என்று படிக்கட்டுப் பக்கம் வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்கு வெளியே ரயில் பாலத்தின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. காத்துக்கொண்டே இருந்திருப்பாளோ?

"அக்கா! எங்க இருக்க? கடை பூட்டிக் கெடக்காமே?"

"ஒரு வேலையா வந்தேன். உன்னை ஒண்ணு கேக்கணும்." தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று பெரியவளே எதிர்பார்க்கவில்லை. "பையன் கல்யாணத்துக்கு முதல் நாள் என் போன் உன்கிட்டதானே இருந்துச்சு?"

"எந்தக் காலத்துக் கதையை இப்ப..."

"இருந்துச்சா?"

"இருந்திருக்கும். ஏன்?"

"முக்கியமா ஏதாவது போன் வந்துச்சான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

சின்னவள் மூச்சு விடுவது கேட்டது. பல் டாக்டரின் கிளினிக்கில் ஏதோ மெஷின் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"அங்க போயிட்டியா?" என்றாள். பிறகு படபடவென்று கொட்டினாள். "போக வேணாம்னு சொன்னேன்ல! அவ ஆயிரம் சொல்லுவாக்கா. ரெண்டு விரல் போனதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நானா பெட்டியைத் தள்ளினேன்?"

பெரியவள் காதிலிருந்து போனை எடுத்து அதையே பார்த்தாள். அவள் இன்னும் நாத்தனாரின் பெயரைக்கூட எடுக்கவில்லை. விரல் என்ற வார்த்தையோ, பெட்டி என்ற வார்த்தையோ அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

"ஏன்டி?" என்றாள். மறுபடி கேட்டாள். "எதுக்குடி அப்படிச் செஞ்ச?"

"அக்கா... உன்கிட்ட ஒண்ணு சொல்லாம மறைச்சிருக்கேன். போன்ல வேணாம்க்கா. நேர்ல..."

பின்னால் கதவு திறந்தது.

"யாரு போன்ல?" என்றார் லிஃப்ட்காரர். கண் சிவந்திருந்தது. உள்ளே பேஸின் சத்தம் நின்றுபோயிருந்தது.

பெரியவளின் கட்டைவிரல் தானாகப் போனை அணைத்தது.

"கடைக்கு வந்தவங்க. பாவாடை தைச்சாச்சான்னு கேக்கறாங்க."

பொய் இவ்வளவு வழுக்கிக்கொண்டு வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவர் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். பிறகு அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், கையை மட்டும் போனுக்காக நீட்டியபடி.